ஆன்லைனில் ஓத வைக்கிறவர்களுக்கு ஒரு வங்கிக்காரி சொல்வது



போன வாரம் ஹைதராபாத்திலிருந்து தோழி ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கும் என்னைப் போல வங்கி உத்தியோகம்தான், மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். "மகனுக்கு ஏழு வயசாச்சு, இன்னும் அலிஃப் பே தெரியாதுடி. ஆன்லைன்ல நல்ல கிளாஸ் இருந்தா லிங்க் அனுப்பு" என்றாள். லிங்க் அனுப்ப ஒரு நிமிஷம் போதும். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். முடிவில் அவளே சொன்னாள், "இதை அப்படியே எழுதிப் போடு, என்னை மாதிரி நிறைய பேர் முழிச்சிட்டு இருக்காங்க" என்று. அதனால் இந்தப் பதிவு.

எங்கள் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2023 ஜூனில் எனக்கு நாக்பூருக்கு மாற்றல். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. அங்கே பிள்ளைகளை ஓத வைப்பது என்பது யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கிற காரியமே இல்லை. நாலு வயசு முடிந்ததும் தெருமுனை லாத்தா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முப்பது பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கத்தை ஆளுக்கொரு சத்தத்தில் ஓதிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே லாத்தா, "ஏய், அங்க நீட்டி ஓது" என்பார். முப்பதில் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தவறியது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

நாக்பூரில் நாங்கள் குடியிருப்பது வர்தா ரோடு பக்கம். பள்ளிவாசலும் மக்தபும் வேண்டுமென்றால் மோமின்புராவுக்குப் போக வேண்டும். நல்ல மக்தப்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாலை நேரப் போக்குவரத்தில் போய் வரவே ஒன்றரை மணி நேரம். நான் வங்கியிலிருந்து வீடு திரும்ப ஏழரை. பிள்ளைகளின் வாப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. இரண்டு மாதம் ஆட்டோவில் அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம்.

அப்புறம் எல்லோரும் செய்கிறதைச் செய்தேன். இணையத்தில் தேடினேன். பளபளவென்று ஒரு தளம், மூன்று நாள் இலவச வகுப்பு, எகிப்திலிருந்து ஆசிரியர்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், மாதாமாதம் சான்றிதழ். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக டாலரில் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓதுவதாக நாலைந்து வீடியோ போட்டிருந்தார்கள், அதைப் பார்த்தே மயங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? :-)

என் தொழிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் கடன் கேட்டு வந்தால் கடைக்கு நேரில் போய்ப் பார்ப்பேன். பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரிப்பேன். பான் கார்டு, ஆதார், மூன்று வருஷக் கணக்கு, ஜாமீன்தாரர், அவருடைய கணக்கு... இவ்வளவும் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடக் கை தயங்கும். அப்படிப்பட்ட நான், என் பத்து வயசு மகளை அரை மணி நேரம் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைக்கும்போது, அந்தப் பக்கம் இருப்பவர் யார், எங்கே ஓதினார், யாரிடம் ஓதினார் என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு இரவுச் சமையலுக்குப் போய்விட்டேன்.

எட்டு மாதத்தில் நாலு ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் முதலிலிருந்து அறிமுகம். 2023 அக்டோபர் கடைசியில் எகிப்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள் (அந்த வருஷம்தான் கோடைகால நேரத்தை மறுபடி கொண்டு வந்திருந்தார்களாம்). எங்கள் ஏழு மணி வகுப்பு எட்டு மணியாகிவிட்டது. பசியோடும் தூக்கத்தோடும் பிள்ளை உட்காரும். ஆனாலும் சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது. தொண்ணூற்றிரண்டு மதிப்பெண், பூப்போட்ட ஓரம், மகள் பெயர் தங்க எழுத்தில். அதையெல்லாம் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு மாஷா அல்லாஹ் வாங்கிய பெருமையும் எனக்கு உண்டு.

2024 மே விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். மகரிபுக்குப் பிறகு என் உம்மா பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஓது புள்ள, கேப்போம்" என்றார். மகள் யாஸீனின் முதல் பக்கத்தை ஓதினாள். அருமையான ராகம், அரபிகள் மாதிரி. எனக்குத் தொண்டை அடைத்தது. உம்மாவும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு வீட்டுக் குர்ஆனைக் கையில் எடுத்து, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, கீழே இருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "இத ஓது."

மகள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு எழுத்தைச் சொன்னாள். மூன்றாவதைச் சேர்க்கத் தெரியவில்லை. "இந்த எழுத்து எங்க கிளாஸ்ல வேற மாதிரி இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். அதில் பாதி உண்மை. அந்தத் தளத்தில் மதீனா அச்சுப் பிரதியை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது நம் நாட்டு அச்சு, எழுத்தின் சாய்வும் குறியீடுகளும் வேறு. அவர்கள் ஃபத்ஹா, கஸ்ரா என்றதை உம்மா ஸபர், ஸேர் என்பார். ஆனால் மீதிப் பாதி அதைவிடக் கசப்பானது. பிள்ளைக்கு ஓதவே தெரியவில்லை. ஆசிரியர் ஓதுவார், இவள் திருப்பிச் சொல்வாள். மறுநாள் பாடம் பொத்தானை அழுத்தினால் ஓடும், வகுப்புக்கு முன்பே நாலு தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு உட்காருவாள். எட்டு மாதத்தில் ஒருவர் கூட, பார்க்காத ஒரு வரியைக் காட்டி ஓது என்று சொல்லவில்லை.

உம்மா பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. குர்ஆனை மூடி, முத்தி, மேலே வைத்துவிட்டு, "நல்லா ஓதுனா" என்று தலையைத் தடவினார். இரவு மொட்டை மாடியில் என்னிடம்தான் சொன்னார், "அவளுக்கு ஓதச் சொல்லிக் குடுக்கல. பாடச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். காதால் கேட்டு நாவால் சொல்வது மட்டமான முறை என்று நான் சொல்ல வரவில்லை. குர்ஆன் பரவியதே அப்படித்தான். ஹாஃபிழ் ஆகிற பிள்ளைகள் இன்றைக்கும் அப்படித்தான் மனனம் செய்கிறார்கள், உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒப்புவிக்கிறார்கள். ஆனால் நாம் பிள்ளையைச் சேர்ப்பது பார்த்து ஓதத் தெரிய வேண்டும், நாளைக்கு யாருமே இல்லாத ஊரில் இருந்தாலும் தானாகத் திறந்து ஓத வேண்டும் என்பதற்காக. அதற்கு எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டுவது மெதுவான வேலை. மெதுவான வேலைக்கு மாதாமாதம் சான்றிதழ் தர முடியாது. அதுதான் சிக்கல்.

அந்த ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு பேரும் மென்மையான மனிதர்கள். அவர்களில் ஒருவரிடமாவது ஆறு மாதம் தொடர்ந்து ஓதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கோபமெல்லாம் என் மேல்தான். வங்கியில் திடீர் தணிக்கை என்று ஒன்று உண்டு. சொல்லாமல் வந்து பணப்பெட்டியைத் திறந்து எண்ணச் சொல்வார்கள். எட்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை நான் பிள்ளையிடம் புதிய பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை.

நீங்களும் இன்றைக்கே செய்து பாருங்கள். ஓதிய பாடத்தில் வேண்டாம், ஓதாத பக்கத்தில், வரியின் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கேளுங்கள். மனப்பாடம் பின்னோக்கி ஓடாது.

சரி, இரண்டாவது தடவை எப்படித் தேடினேன்? இணையத்தில் தேடவில்லை. ஊரில் விசாரித்தேன், ஜமாஅத்தில் விசாரித்தேன், உறவுக்காரர்களிடம் கேட்டேன். நம் பக்கத்தில் இதற்கென்று ஒரு வசதி உண்டு, நாம் அதை மறந்துவிடுகிறோம். ஓதிக் கொடுப்பவர் எங்கே ஓதியவர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடும். வேலூர் பாகியாத்தில் பட்டம் வாங்கியவர் பாகவி, லால்பேட்டை மன்பஉல் அன்வாரில் வாங்கியவர் மன்பஈ, சென்னை ஜமாலியாவில் வாங்கியவர் ஜமாலி. பெண்கள் அரபிக் கல்லூரிகளில் ஓதியவர்கள் ஆலிமா. ஒருவர் பெயரைச் சொன்னால் அந்த மதரஸாவில் கூட ஓதியவர் யாராவது நம் ஊரில் இருப்பார், ஒரு போனில் முழுக் கதையும் வந்துவிடும். எந்தக் கடன் விண்ணப்பத்துக்கும் எனக்கு இவ்வளவு சுலபமாக விசாரணை அமைந்ததில்லை.

இப்படித்தான் திருநெல்வேலிப் பக்கத்து ஆலிமா ஒருவர் கிடைத்தார். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டு மதரஸாக்களை மூடியபோது, வேறு வழியில்லாமல் வாட்ஸப் வீடியோவில் ஓதிக் கொடுக்க ஆரம்பித்தவர். பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் இருந்த எத்தனையோ உஸ்தாதுகளுக்கு அந்த மாதங்களில் சம்பளம் நின்று போனது, அதில் பலர் இப்படி ஆன்லைனுக்கு வந்தார்கள். (அதற்கு முன்பே வளைகுடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஸ்கைப்பில் பிள்ளைகளை ஓத வைத்தது உண்டு. அந்த ஸ்கைப்பையே 2025 மே மாதத்தில் மூடிவிட்டார்கள்.)

சேர்ப்பதற்காகப் பேசினேன். மகளின் வயது, எத்தனை ஜுஸ்வு முடித்தாள் என்றெல்லாம் நான் அடுக்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நீங்க கொஞ்சம் ஃபாத்திஹா ஓதுங்க" என்றார்.

"நானா?"

"ஆமா. புள்ள வீட்ல யாரப் பாத்து ஓதும்? நீங்க ஓதுறத நான் கேக்கணும்ல?"

ஏழு ஆயத். சின்ன வயசிலிருந்து தொழுகையில் ஓதி வருவது. வங்கியின் மாடிப்படியில் நின்றுகொண்டு போனில் ஓதினேன். முடித்ததும் மூன்று இடத்தைச் சொன்னார். இரண்டு ஹே-க்கும் ஒரே சத்தம் கொடுக்கிறேன். ஐனை அலிஃப் ஆக்கிவிடுகிறேன். கடைசியில் வரும் ளாதை... அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நாம் ரமளான் என்கிறோம், உளூ என்கிறோம், ஃபர்ளு என்கிறோம். நாக்பூரில் அதே சொற்கள் ரம்ஜான், வஸூ, ஃபர்ஸ். எகிப்துக்காரர் வாயில் ஏறக்குறைய ட போல, ஆனால் கனமாக வரும். என் மகள் எட்டு மாதத்தில் இந்த மூன்றையும் கேட்டுக் குழம்பிப் போயிருந்தாள். வீட்டில் ஒன்று, பக்கத்து ஃபிளாட் பிள்ளையிடம் ஒன்று, வகுப்பில் ஒன்று. ஆலிமா சொன்னது இதுதான்: "நம்ம ள-வும் இல்ல, அவங்க ஸ-வும் இல்ல. நாக்கோட ஓரத்தக் கொண்டு போயி மேல் கடவாப் பல்லுல ஒட்டணும்." மகளுக்குக் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி வாயைத் திறந்து பார்த்துப் பயிற்சி. தமிழில் சொன்னதால்தான் அது அவளுக்குப் புரிந்தது. நாக்கு, கடைவாய், தொண்டையின் அடி, உதட்டின் உள்பக்கம் - இதையெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு பிள்ளைக்கு எப்படிப் புரிய வைக்க முடியும்? முதல் தளத்தில் தவறாக ஓதினால் "நோ, அகெய்ன்" என்பார்கள். எது தவறு என்று கேட்க இவளுக்கு மொழி இல்லை, சொல்ல அவருக்கு மொழி இல்லை. கேட்பதையே விட்டுவிட்டாள்.

எழுத்து மாறினால் என்ன, அல்லாஹ்வுக்குப் புரியாதா என்று சிலர் கேட்பார்கள். அல்லாஹ்வுக்குப் புரியும், சந்தேகமில்லை. ஆனால் அரபியில் கல்பு என்று பெரிய காஃபில் சொன்னால் இதயம், சின்ன காஃபில் சொன்னால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் கல்புதான். தமிழ் எழுத்தில் அச்சான யாஸீனை மட்டும் வைத்துப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம் முன்னோர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது. அதனால்தான் தமிழையே அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று வைத்துக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த எழுத்தில் எழுதிக் குவித்தார். என் உம்மாவின் உம்மா அதில் கடிதமே எழுதுவாராம். அது நம்மோடு போய்விட்டது, அது வேறு கதை.

தோழி கேட்ட மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆணா பெண்ணா? மகளுக்குப் பெண் ஆசிரியர்தான் வேண்டும் என்பது என் முடிவு. மகனுக்கும் இப்போது அவரேதான். யாராக இருந்தாலும் பிள்ளையைத் தனி அறையில் கதவைச் சாத்தி உட்கார வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் மக்தப். பேச்சு, வாட்ஸப், பாடம் எல்லாம் என் எண்ணில், பிள்ளையின் எண் யாருக்கும் போகாது. நல்ல உஸ்தாத் யாரும் இதற்கு வருத்தப்பட மாட்டார். எங்கள் ஆலிமா, பெற்றவர்கள் காதில் விழுகிற தூரத்தில் இல்லையென்றால் ஓதிக் கொடுக்க மாட்டேன் என்று அவரே முதலில் சொன்னார்.

எவ்வளவு நேரம்? சின்னவனுக்கு இருபது நிமிஷம், மூத்தவளுக்கு இருபத்தைந்து, காலையில், வாரம் ஐந்து நாள். மாலையில் பிள்ளையிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

மைக் வைத்த ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். போனும் லேப்டாப்பும் வெளிச்சத்தத்தைக் குறைக்கிறேன் என்று மூச்சோடு வரும் எழுத்துகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுகின்றன. ஜூமில் ஒலியை உள்ளபடியே அனுப்பும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் என் மகளின் ஹே ஆலிமாவுக்கு ஒழுங்காகக் கேட்டது.

நீங்கள் ஷாஃபியா ஹனஃபியா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓதுவதில் அது குறுக்கே வராது, ஆனால் தொழுகையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும்போது வரும். வீட்டில் சுபுஹில் குனூத் ஓத, வகுப்பில் அது இல்லை என்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

இனி பணம். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டபோது ஆலிமா, "நீங்க பாத்துக் குடுங்க" என்றார். நம்மவர்களில் பாதிப் பேர் இந்த வார்த்தையைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கீபோர்டு வகுப்புக்கு மாதம் இரண்டாயிரத்து ஐநூறு ரூபாயைப் பேசாமல் கட்டுகிறோம், வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு. வாரம் ஐந்து நாள் ஓதிக் கொடுப்பவரிடம் "எண்ணூறு வச்சுக்கலாமா லாத்தா?" என்று இழுக்கிறோம். டாலரில் முன்பணம் கட்டும்போது நாமும் பேரம் பேசவில்லையே! நான் கீபோர்டுக் கட்டணத்தையே அளவாக வைத்துக்கொண்டேன், ஒரு பிள்ளைக்கு அவ்வளவு. மாதம் முதல் தேதியில் யுபிஐ-யில் போய்விடும். அவர் கேட்டு நான் கொடுக்கும் நிலை வரக்கூடாது. மாதத்துக்கு மாதம் கொடுப்பதுதான் இருவருக்கும் நல்லது, ஒத்து வரவில்லையென்றால் மனக்கசப்பில்லாமல் விலகலாம்.

அருகில் நல்ல மக்தப் இருந்தால்? தயங்காமல் அங்கே அனுப்புங்கள். ஆன்லைன் அதற்கு ஈடில்லை. பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சத்தத்தை மீறி ஓத வேண்டும் என்கிற அந்தப் போட்டி, முடித்த அன்று எல்லோருக்கும் மிட்டாய், வழியில் விளையாட்டு - இதையெல்லாம் எந்தத் திரையாலும் தர முடியாது. என் பிள்ளைகள் தனியாக ஓதுகிறார்கள். அது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

மகள் 2024 ஜூலையில் மறுபடி அலிஃபிலிருந்து ஆரம்பித்தாள். முதல் வாரம் அழுதாள். "நான் யாஸீனே ஓதுவேன், எனக்கு எதுக்கு பேபி கிளாஸ்?" என்றாள். அவளுக்குத் துணையாக ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உட்காருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானாள். நான் தவறினால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது ஞாயிறு வகுப்பில் ஊரிலிருந்து உம்மாவும் போனில் சேர்ந்துகொள்கிறார். போன வாரம் மகள் ளாதைக் கடைவாய்ப் பல்லில் ஒட்டிச் சொல்ல, உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நாங்க எழுபது வருஷமா ஓதுனது தப்பா?" என்றார்.

"தப்புன்னு யாரு சொன்னா பெரியம்மா? ஒருக்கா ஓதுங்க, கேப்போம்" என்றார் ஆலிமா.

உம்மா ஓதினார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாக்கு ஓரம் இன்னும் கொஞ்சம் மேல, பெரியம்மா" என்று பதமாகச் சொன்னார். உம்மா மறுபடி ஓதினார். பல்செட் இடிக்கிறது என்றார். சின்னவன் மேசைக்கடியில் விழுந்து சிரித்தான். வகுப்பு அன்றைக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகப் போய்விட்டது.